தண்ணீரையும் சேர்த்து அளங்கள்: வடசென்னை அபார்ட்மென்ட்களில் ஸ்மார்ட் கண்காணிப்பு அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பெரம்பூர், கொளத்தூர், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் ஒரு நடுத்தர அபார்ட்மென்ட்டின் பொது இ.பி. பில்லை எடுத்து, எதற்கு எவ்வளவு போனது என்று பிரித்துப் பார்த்தால், நான் பார்த்தவரை முதலிடம் தண்ணீருக்குத்தான். போர் மோட்டார், சம்ப்பிலிருந்து மேல் டேங்குக்கு ஏற்றும் மோட்டார், உப்புத் தண்ணீரை மென்மையாக்கும் பிளான்ட், கழிவுநீர் சுத்திகரிப்பு இருந்தால் அதில் காற்று ஊதும் புளோயர். லிஃப்டும் படிக்கட்டு விளக்கும் அப்புறம்தான். ஆகவே கண்காணிப்பு மென்பொருள் போட நினைக்கும் அசோசியேஷன்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: கரண்டை மட்டும் அளக்காதீர்கள், தண்ணீரையும் சேர்த்து அளங்கள். இரண்டும் ஒரே திரையில் வந்தால்தான் பில் ஏன் ஏறியது என்பது பிடிபடும்.

இருபது முதல் அறுபது வீடுகள், ஒரு செகரட்டரி, ஒரு வாட்ச்மேன், கூப்பிட்டால் வரும் பிளம்பர், வயர்மேன் என்று இருக்கும் கட்டடங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். துணிக்கடை, மண்டபம் வைத்திருப்பவர்களுக்குக் கடைசிக்குச் சற்று முன் ஒரு பகுதி இருக்கிறது.

1. பில்லையும் லைனையும் காகிதத்தில் கொண்டுவாருங்கள்

பொருள் எதுவும் வாங்கும் முன் ஓராண்டு பில்களை எடுத்து வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால் ஓர் இணைப்புக்கு ஆறு. பொது இணைப்பு எத்தனை, ஒவ்வொன்றும் எந்தக் கட்டண வகையில் இருக்கிறது என்று பாருங்கள். பொதுப் பயன்பாட்டுக்கு 2022 செப்டம்பரிலிருந்து 1-டி என்று தனி வகை வந்துவிட்டது. வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் 100 யூனிட் சலுகை இதில் கிடையாது, முதல் யூனிட்டிலிருந்தே காசு. லிஃப்ட் இல்லாத, மூன்று மாடிக்கும் பத்து வீட்டுக்கும் மிகாத சிறு குடியிருப்புகளுக்கு 2023-இல் கட்டணம் குறைக்கப்பட்டது. உங்கள் கட்டடம் அந்த அளவுக்குள் வந்தும் பில்லில் பழைய வகையே இருந்தால், சென்சார் வாங்குவதற்கு முன் மின்வாரிய அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வருவதுதான் லாபம்.

அடுத்து, உரிமம் உள்ள வயர்மேனைக் கூட்டிக்கொண்டு பேனல் அறைக்குப் போங்கள். ஒவ்வொரு லைனுக்கும் தனியாக இருக்கும் எம்.சி.பி. சுவிட்சுகளை ஒவ்வொன்றாக இறக்கி, எது அணைகிறது என்று பார்த்து எழுதுங்கள். லிஃப்டில் யாரும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு இதைச் செய்யுங்கள். பழைய கட்டடங்களில் இந்த வேலை பல சங்கதிகளை வெளியே கொண்டுவரும். கீழ்த்தளக் கடையின் போர்டு விளக்கு, யாரோ ஒருவருடைய மொட்டைமாடி அறை எல்லாம் பொது இணைப்பில் தொங்கிக்கொண்டிருக்கும். இந்த ஒரு பக்க வரைபடம் இல்லாமல் எந்த மென்பொருளும் உங்களுக்கு உதவாது. திரையில் தெரியும் எண் எந்தச் சாமானுடையது என்று சொல்ல ஆள் இருக்காது.

2. எதை அளப்பது

எல்லாவற்றையும் அளக்க ஆசை வரும். தொடக்கத்தில் கரண்டுக்கு நாலைந்து இடம் போதும். பொது மெயின், மோட்டார் பேனல், தண்ணீர் பிளான்ட், லிஃப்ட், பொது விளக்குகள். தண்ணீருக்கு இரண்டு இடம், சம்ப் மட்டமும் மேல் டேங்க் மட்டமும். ஜென்செட் இருந்தால் அது ஓடிய நேரமும் டீசல் அளவும்.

தனி வீடுகளின் மின்சாரத்தை அளக்கும் யோசனையைத் தள்ளி வையுங்கள். ஒரு வீட்டின் மின் பயன்பாட்டைப் பார்த்தாலே அங்கே ஆள் இருக்கிறார்களா, ஊருக்குப் போயிருக்கிறார்களா என்று சொல்லிவிடலாம். வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதம் தராமல் அந்த விவரம் அசோசியேஷன் கையில் இருக்கக் கூடாது.

3. மீட்டரும் சென்சாரும்

மின்வாரிய மீட்டரின் சீலை யாரும் தொடக் கூடாது. உங்கள் மீட்டர் எல்லாம் அதற்குப் பிறகு, உங்கள் பேனலுக்குள்தான். மூன்று ஃபேஸ் டிஜிட்டல் மீட்டர், ஆர்.எஸ்.-485 என்ற இரட்டை வயர் வழியாக மோட்பஸ் என்ற பொது மொழியில் அளவுகளை அனுப்பும் வகை, எளிதாகக் கிடைக்கும். பெரிய லைன்களுக்கு, கேபிளைச் சுற்றி மாட்டி கரண்டை அளக்கும் சி.டி. எனப்படும் வளையம் வேண்டும். ஓடும் கட்டடத்தில் கேபிளைக் கழற்றாமல் மாட்ட, திறந்து மூடும் வளையமாக வாங்குங்கள்.

மாட்டும்போது மூன்று விஷயம் பார்க்க வேண்டும். வளையத்தின் மேலுள்ள அம்புக்குறி சாமான் இருக்கும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ்களில், ஆர் ஃபேஸ் வளையம் ஆர் ஃபேஸ் வோல்டேஜோடுதான் சேர வேண்டும். மாறிவிட்டால், இழுக்கும் கரண்டில் எவ்வளவு உண்மையில் வேலைக்குப் போகிறது என்று காட்டும் பவர் ஃபேக்டர் நம்ப முடியாத எண்ணாக வரும். வளையத்தில் 100/5 என்று (லைனில் 100 ஆம்பியர் ஓடினால் வளையம் 5 ஆம்பியர் தரும்) இருந்தால் மீட்டர் அமைப்பிலும் அதையே கொடுக்க வேண்டும். அங்கே 50/5 என்று இருந்தால் கணக்கு பாதிதான் காட்டும். இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. லைனில் கரண்ட் ஓடும்போது, 5 ஆம்பியர் வெளியீடுள்ள வளையத்தின் இரண்டு வயரில் ஒன்றைக்கூட ஒருபோதும் கழற்றித் திறந்து விடக் கூடாது. ஆபத்தான வோல்டேஜ் அங்கே எழும். இதை வயர்மேனிடம் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லுங்கள்.

மீட்டர் சரியாக அளக்கிறதா என்று சோதிக்க ஆள் கூப்பிட வேண்டாம். இ.பி. மீட்டரின் முகப்பில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மினுங்கும், அருகிலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கைப்பேசியில் நேரம் வைத்து எண்ணுங்கள். 36 வினாடியில் 32 தடவை மினுங்கினால் அந்த நேரத்தில் ஓடுவது சரியாக 1 கிலோவாட். 64 என்றால் 2 கிலோவாட். உங்கள் மெயின் மீட்டரும் அதையொட்டியே காட்ட வேண்டும். அப்புறம் ஒரு முழு நாள் யூனிட்டையும் இரண்டிலும் ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் மாட்டியதில் ஏதோ பிழை.

தண்ணீர் மட்டத்துக்கு மேலிருந்து ஒலி அனுப்பி அளக்கும் சென்சார் உண்டு, தண்ணீருக்குள் இறக்கி அழுத்தத்தை அளக்கும் சென்சார் உண்டு. மேல் டேங்குக்கு முதலாவது போதும். மூடிய சம்ப்புக்குள் ஆவி படிந்து அது தடுமாறும். சம்ப்புக்கு இரண்டாவது வகையை வாங்குங்கள், கொஞ்சம் விலை கூடினாலும்.

4. உப்புக் காற்றும் மழை வெள்ளமும்

இதைப் பொதுவான கையேடுகளில் பார்க்க முடியாது, நம் பகுதிக்கோ இதுதான் முக்கியம். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் கடற்கரையோரம் இருக்கும் பேனல்களைத் திறந்தால் செம்பு முனைகளில் பச்சை படிந்திருப்பதைப் பார்க்கலாம். சென்சார் வயரின் மெல்லிய முனை அரித்துவிட்டால் அளவு திடீரென்று நிற்காது, மெல்ல மெல்லப் பொய் சொல்ல ஆரம்பிக்கும். தூசியும் தண்ணீரும் புகாத ஐ.பி.65 தரப் பெட்டி, கீழ்ப்பக்கத்திலிருந்து மட்டும் கேபிள் நுழைவு, வயர் முனையில் ஈயம் பூசிய லக், உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை. இவ்வளவுக்கும் ஆகும் செலவு குறைவு. தரமில்லாத பெட்டிக்குள் நல்ல மீட்டரை வைப்பது வீண்.

வெள்ளம் அடுத்தது. வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர் போன்ற தாழ்வான இடங்களில் 2015 டிசம்பர் மழையின்போதும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்று பழைய குடித்தனக்காரர்களைக் கேட்டால் சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். அந்தக் கோட்டுக்கு நன்றாக மேலே பெட்டியை மாட்டுங்கள். மோட்டார் அறைத் தரையில் ஒரு வெள்ள சென்சாரும் இருக்கட்டும். மோட்டார் பேனலில் தண்ணீர் ஏறும் முன் மெயினை இறக்க அது நேரம் வாங்கித் தரும்.

5. சேதி போகும் வழி

ஆர்.எஸ்.-485 வயரை ஒரு மீட்டரிலிருந்து அடுத்த மீட்டருக்கு என்று வரிசையாக இழுக்க வேண்டும், மரக்கிளை மாதிரி பிரிக்கக் கூடாது. நீளமான லைனில் இரு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். கரண்ட் கேபிளோடு ஒரே குழாயில் அதைத் தள்ளாதீர்கள். மொட்டைமாடி டேங்கிலிருந்து கீழே வரை வயர் இழுக்க முடியாவிட்டால், வயர் இல்லாமல் தூரத்துக்கு ரேடியோ அலையில் சேதி அனுப்பும் லோரா வகை சென்சார் நல்லது. இந்தியாவில் அதற்கான 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குத் தனி உரிமம் வேண்டியதில்லை. கான்கிரீட் தளங்களைத் தாண்டுவதில் வைஃபையைவிட எவ்வளவோ மேல்.

எல்லா அளவுகளையும் வாங்கி இணையத்துக்கு அனுப்பும் கேட்வேக்கு ஒரு சிறு யு.பி.எஸ். கட்டாயம். கரண்ட் போன நேரத்தில்தான் கட்டடத்தில் என்ன நடக்கிறது என்று அதிகம் தெரிய வேண்டும். இணையம் அறுந்தால் தகவலைத் தன்னிடமே சேமித்து வைத்து, வந்ததும் அனுப்பும் வகையா என்றும் கேளுங்கள். நேர அமைப்பை இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் நம் நள்ளிரவு திரையில் முந்தைய நாள் மாலை 6.30 என்று விழும், இரவுக் கணக்கெல்லாம் குழம்பிவிடும்.

6. மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது

வழி இரண்டு. கட்டடத்தில் ஆர்வமுள்ள, கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவர் இருந்தால் ஹோம் அசிஸ்டன்ட், திங்ஸ்போர்டு, கிராஃபனா போன்ற திறந்த மென்பொருள்களைச் சிறு கணினியில் நிறுவிக்கொள்ளலாம். மென்பொருளுக்குச் சந்தா இல்லை, ஆனால் அவர் வீடு மாறிப் போனால் யார் பார்ப்பது என்ற கேள்வி நிற்கும். இரண்டாவது, ஆண்டுச் சந்தாவுக்குச் சேவை தரும் நிறுவனம். பெரும்பாலான அசோசியேஷன்களுக்கு இது ஏற்றது. கையெழுத்துப் போடும் முன் இவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்:

- எங்கள் தகவல் முழுவதையும் எக்செல்லில் திறக்கும்படி எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ள முடியுமா?
- சந்தா நிறுத்தினால் மீட்டர்கள் வேறு மென்பொருளோடு வேலை செய்யுமா?
- கணக்கும் சிம் கார்டும் அசோசியேஷன் பெயரில் இருக்குமா?
- இணையம் இல்லாதபோதும் மோட்டார் ஆட்டோவாக நிற்குமா?
- எச்சரிக்கை தமிழில், எஸ்.எம்.எஸ்.ஸாகவும் அழைப்பாகவும் வருமா?

முதல் இரண்டு கேள்விகளுக்கு நேரடியாகப் பதில் வராத இடத்தில் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

நிறுவியதும், ஒவ்வோர் அளவுக்கும் மனிதர் பேசும் பெயர் வையுங்கள். ‘மீட்டர் 3’ என்று இருந்தால் யாருக்கும் புரியாது. ‘பி பிளாக் போர் மோட்டார்’ என்று இருந்தால் வாட்ச்மேனுக்கும் புரியும். முதல் நாளே தொழிற்சாலைப் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.

7. இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் பாருங்கள்

முதலில் பார்க்க வேண்டியது இரவு 2 மணி முதல் 4 மணி வரை. எல்லோரும் தூங்கும் நேரத்தில் பொது மெயின் எவ்வளவு இழுக்கிறது? 1.2 கிலோவாட் என்று ஒரு கோடு படுத்துக் கிடந்தால், அது 24 மணி நேரமும் ஓடுகிறது என்று வைத்து, மாதத்துக்கு 864 யூனிட். அந்தக் கோட்டுக்குள் என்னென்ன இருக்கிறது என்று வயர்மேனோடு ஒரு ராத்திரி உட்கார்ந்து பிரியுங்கள். பார்க்கிங்கில் விடிய விடிய எரியும் பழைய குழல் விளக்கு, ஆள் இல்லாமலும் ஓடும் லிஃப்ட் கேபின் ஃபேன், தேவைக்கு மேல் ஓடும் புளோயர். கேமராவும் அதன் பதிவுப் பெட்டியும் ஓடித்தான் ஆக வேண்டும். அதை விட்டுவிடுங்கள்.

அந்தக் கோட்டின் மேல் மணிக்கொரு தடவை சின்ன மேடு எழுந்தால் அது மோட்டார். இரவு மூன்று மணிக்கு யாருக்குத் தண்ணீர்? மேல் டேங்க் மட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். ஏதோ ஒரு வீட்டு ஃபிளஷ் டேங்க் சத்தமில்லாமல் ஒழுகுகிறது, அல்லது குழாய் எங்கோ கசிகிறது. மேல் டேங்கின் அடிப்பரப்பு 6 சதுர மீட்டர் என்றால் ஒரு சென்டிமீட்டர் இறங்குவது 60 லிட்டர். ஒவ்வொரு பிளாக்கின் வால்வாக மூடிப் பார்த்தால் எந்தப் பக்கம் என்று அன்று இரவே தெரிந்துவிடும்.

8. மோட்டாரின் நலத்தைப் படிப்பது

இங்கேதான் பணம் இருக்கிறது, கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் லிட்டர் தண்ணீரை, குழாய் உராய்வையும் சேர்த்து 30 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, இயற்பியல் கேட்பது சுமார் 0.08 யூனிட். மோட்டாரும் பம்பும் சேர்ந்து 40 சதவீதத் திறனில் ஓடினால் 0.2 யூனிட். சிறிய பம்புக்கு இது நியாயமான அளவு. மோட்டார் மீட்டரையும் டேங்க் ஏறிய மட்டத்தையும் வைத்து மென்பொருள் இந்த எண்ணைத் தானே போட்டுத் தரும். உங்கள் கட்டடத்தில் 0.4 என்று வந்தால் பாதிக் காசு எங்கோ போகிறது. உறிஞ்சு குழாயின் அடியிலுள்ள ஃபுட் வால்வு ஒழுகலாம், கேட் வால்வு பாதி மூடியிருக்கலாம், பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம். முன்பு நாற்பது நிமிடத்தில் நிறைந்த டேங்குக்கு இப்போது எழுபது நிமிடம் ஆவதைப் பிளம்பர் வந்து சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம், திரையில் அது வாரக்கணக்கில் ஏறிக்கொண்டே வருவது தெரியும்.

டேங்க் நிரம்பி வழிவதும் அப்படித்தான். 5 எச்.பி. மோட்டார் லைனிலிருந்து சுமார் 4.4 கிலோவாட் இழுக்கும். தினமும் அரை மணி நேரம் வழிந்தால் மாதம் 66 யூனிட், கூடவே கொட்டிய தண்ணீர். மேல் டேங்க் மட்டம் அசையாமல் இருக்க, சம்ப் இறங்க, மோட்டார் ஓடினால் தண்ணீர் மொட்டைமாடியில்தான் போகிறது.

மோட்டாரின் ஆம்பியர் கோடும் பேசும். போர் மோட்டாரின் ஆம்பியர் வழக்கத்தைவிடச் சட்டென்று குறைந்தால் கீழே தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். உடனே நிறுத்தாவிட்டால் மோட்டாரின் கம்பிச் சுருள் (காயில்) போய்விடும். ஒரு ஃபேஸ் பூஜ்யமாகி மற்ற இரண்டும் ஏறினால் லைனில் ஒரு ஃபேஸ் போயிருக்கிறது. ரீவைண்டிங் செலவைத் தவிர்க்க இந்த இரண்டு எச்சரிக்கையும் போதும்.

லாரித் தண்ணீர் வாங்குபவர்களுக்கு ஒன்று. சம்ப்பின் அடிப்பரப்பு 3 மீட்டருக்கு 4 மீட்டர் என்றால் ஒரு சென்டிமீட்டருக்கு 120 லிட்டர். 9,000 லிட்டர் லாரி இறங்கினால் மட்டம் 75 சென்டிமீட்டர் ஏற வேண்டும். 65தான் ஏறியது என்றால் 1,200 லிட்டர் குறைவு. வாதாட வேண்டியதில்லை, வரைபடத்தைக் காட்டினால் போதும். ஆனால் இறக்கும்போது மோட்டாரை நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் கணக்கு லாரிக்காரருக்கு அநியாயமாகிவிடும். மெட்ரோ வாட்டர் எந்த நேரத்துக்கு வருகிறது, எவ்வளவு நேரம் வருகிறது என்பதும் இதே கோட்டில் பதிவாகும். லாரியை எப்போது புக் செய்வது என்பதை அதைப் பார்த்து முடிவு செய்யலாம்.

9. எச்சரிக்கை யாருக்குப் போக வேண்டும்

எல்லாச் சேதியும் கமிட்டி வாட்ஸ்அப் குழுவுக்குப் போனால் ஒரு வாரத்தில் எல்லோரும் அதை மௌனமாக்கிவிடுவார்கள். ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் ஓர் ஆள், ஒரு வேலை. ‘மேல் டேங்க் 95%, மோட்டார் இன்னும் ஓடுகிறது’ என்பது வாட்ச்மேனுக்கு. அவரிடம் பட்டன் போன்தான் இருக்கும் என்றால் அழைப்பாகப் போகட்டும், இல்லாவிட்டால் அவர் அறையில் ஒரு ஹூட்டர். போர் ஆம்பியர் குறைவு என்பது வாட்ச்மேனுக்கும் பிளம்பருக்கும். பத்து நிமிடத்தில் யாரும் பார்க்கவில்லை என்றால் செகரட்டரிக்கு. யூனிட் கணக்கு எல்லாம் மாதம் ஒருமுறை பொருளாளருக்குப் போனால் போதும்.

வாட்ச்மேன்களை இதில் மதிப்போடு சேர்த்துக்கொள்ளுங்கள். “அண்ணே, ஹூட்டர் அடிச்சா முதல்ல இந்தச் சிவப்பு சுவிட்ச், அப்புறம் எனக்கு ஒரு போன்” என்று பேனல் முன்னால் நின்று, அவர் கையாலேயே ஒருமுறை செய்ய வைத்துச் சொல்லிக்கொடுங்கள். இரவு ஷிஃப்ட் ஆளுக்கும் தனியாக. அவரைக் கண்காணிக்க இதை வைக்கவில்லை என்பதையும் கமிட்டியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன இடங்களில், “சார், மோட்டார் சத்தம் வேற மாதிரி இருக்கு” என்று சென்சார் சொல்லும் முன்பே அவர்கள் சொல்லிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

10. தானியங்கி: எதைச் செய்யலாம், எதைத் தொடக் கூடாது

அளவுகள் சில வாரம் நம்பும்படி வந்த பிறகு மோட்டாரை மட்டத்தைப் பார்த்து ஓட விடலாம். 40 சதவீதத்தில் ஓடு, 90-இல் நில் என்று இடைவெளி விடுங்கள். நெருக்கமாக வைத்தால் மோட்டாரை ஓட்டி நிறுத்தும் கான்டாக்டர் சுவிட்ச் தட்டித் தட்டியே போய்விடும். மென்பொருள் செத்தாலும் நிறுத்த, டேங்கில் தண்ணீரில் மிதந்து மட்டம் ஏறியதும் அணைக்கும் ஒரு சாதாரண ஃப்ளோட் சுவிட்ச் தனி வயரில் கட்டாயம் இருக்க வேண்டும். பேனலில் கையால் ஓட்டும் சுவிட்சை யாரும் எடுத்துவிடக் கூடாது.

விளக்குகளுக்கு நிலையான டைமர் வேண்டாம். சென்னையில் சூரியன் மறையும் நேரம் நவம்பரில் 5.40 வாக்கில், ஜூலையில் 6.40 வாக்கில். ஒரு மணி நேர வித்தியாசம். சூரியனைக் கணக்கிடும் டைமர் பெரும்பாலான மென்பொருளிலேயே இருக்கிறது.

தீயணைப்புப் பம்பையும் லிஃப்ட் கன்ட்ரோலரையும் மென்பொருள் கையில் கொடுக்கவே கூடாது. தீயணைப்புக் குழாயில் அழுத்தம் இருக்கிறதா, லிஃப்ட்டுக்கு எவ்வளவு கரண்ட் போகிறது என்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

11. கடை, மண்டபம், சிறு தொழிற்கூடம் வைத்திருப்பவர்களுக்கு

எம்.சி. ரோடு துணிக்கடைகளில் கதை வேறு, அங்கே ஏசிதான் ராஜா. காலையில் கடை திறந்ததும் எல்லா ஏசியும் ஒரே நிமிடத்தில் ஓடினால் அதிகபட்ச டிமாண்ட், அதாவது ஒரே நேரத்தில் இழுத்த உச்சச் சுமை, அங்கே பதிவாகிவிடும். தளம் தளமாகப் பத்து நிமிட இடைவெளியில் ஓட விடுங்கள். உயர் அழுத்த இணைப்பில், பதிவான டிமாண்ட் அல்லது ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் டிமாண்ட் கட்டணம். ஓராண்டுத் தகவலைப் பார்த்து, ஒப்பந்தம் தேவைக்கு மேல் இருந்தால் குறைக்க விண்ணப்பியுங்கள். பவர் ஃபேக்டர் இறங்கினால் கெப்பாசிட்டர் ஒன்று போயிருக்கிறது, பில்லில் அபராதமாக வரும் முன் மாற்றிவிடலாம். ஏசியை ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. 2020-இலிருந்து நட்சத்திரக் குறியுள்ள ரூம் ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதியும் இருக்கிறது.

மண்டபங்களுக்கு ஜென்செட்தான் முக்கியம். ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 3 யூனிட் வர வேண்டும். அதைவிட மிகக் குறைவாக வந்தால் இன்ஜினில் கோளாறு, சுமை போதவில்லை, அல்லது டீசல் வேறு வழியில் போகிறது. 30 சதவீதத்துக்கும் குறைந்த சுமையில் நெடுநேரம் ஓட்டினால் கரி படியும்.

12. மாதாந்திரப் பக்கமும் கைமாற்றும்

மாதம் ஒருமுறை ஒரு பக்கம் அச்சடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். பொது யூனிட், ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட், இரவுக் குறைந்தபட்சச் சுமை, லாரி எத்தனை. போன மாதத்தோடு ஒப்பிடாமல் போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். மே மாதமும் டிசம்பரும் ஒன்றல்ல. காசு கொடுப்பவர்கள் வீட்டுக்காரர்கள், அவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிய வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை டேங்க் சென்சாரில் சிலந்தி வலை, தூசியைத் துடைத்து, ஒரு குச்சியை இறக்கி மட்டத்தை நேரில் அளந்து திரையோடு சரிபாருங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் பெட்டிகளின் சிலிக்கா ஜெல்லை மாற்றுங்கள்.

கமிட்டி மாறும் நாளுக்கு ஒரு கோப்பு தயாராக இருக்கட்டும். முதல் படியில் போட்ட வரைபடம், மீட்டர்களின் முகவரி எண்கள், வளையங்களின் விகிதம், பாஸ்வேர்டு, சந்தா தேதி, சிம் எண், வயர்மேன், பிளம்பர் போன் நம்பர். கூடவே ஒரு ஃப்ளோட் சுவிட்சும் ஒரு பவர் சப்ளையும் உதிரியாக. புது செகரட்டரியைப் பேனல் அறைக்குக் கூட்டிப்போய், வாட்ச்மேனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு முழு டேங்க் நிரம்பும் வரை திரையையும் மோட்டாரையும் சேர்த்துக் காட்டிவிட்டு அந்தக் கோப்பைக் கொடுங்கள்.